சிறைக் கண்காணிப்புக் கோரிக்கை (திருவனந்தபுரம்)

காவல் நிலைய லாக்கப்பிலும் கிளைச் சிறையிலும் மத்தியச் சிறையிலும் நடப்பதை அந்தத் துறைகளைச் சேராதவர்கள் சென்று பார்க்கவும் விசாரிக்கவும் வழி வேண்டும் என்று பொதுமக்கள் எழுப்பிவரும் கோரிக்கை. திருவனந்தபுரத்தில் இது ஒற்றை அமைப்பாகத் திரண்டதில்லை. பெரும்பாலும் கைதானவரின் தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ தொடங்கிவைக்க, வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் பின்னர் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நகரின் பூஜப்புரா மத்தியச் சிறை 1886இல், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் ஏற்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், சிறைகளுக்குப் பார்வையாளர்களை அமர்த்த விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அரசுகளுக்குத் தந்தது. அலுவல்சாராப் பார்வையாளர் என்ற பதவிக்கு வேர் அதுதான். 1930களின் இறுதியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் கிளர்ச்சியில் சிறை சென்ற அக்கம்மா செறியானை, அதிகாரிகளின் தூண்டுதலால் சில கைதிகள் இழிசொற்களால் ஏசியதாகப் புகார் எழுந்தது. ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை அதைக் காந்தியின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் மறுத்தார். உள்ளிருந்து வரும் புகாரும் மேலிருந்து வரும் மறுப்பும் இந்த வரலாற்றில் பிறகும் பலமுறை எதிரெதிராக நிற்கின்றன.

பாலக்காட்டைச் சேர்ந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், கம்யூனிஸ்டுகளுக்கு வழக்காடிய காலத்தில், 1948இல், ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957இல் கேரள முதலமைச்சர் ஈ. எம். எஸ். அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையும் அவரிடம் வந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த காட்டாக்கடைப் பக்கம் நெட்டுகால்தேரியில் கேரளத்தின் முதல் திறந்தவெளிச் சிறை 1962இல் தொடங்கப்பட்டது.

நெருக்கடிநிலையின்போது, 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் கொண்டுசெல்லப்பட்ட கக்கயம் காவல் முகாமில் கைதிகளின் தொடைமேல் உலக்கையை வைத்து உருட்டிய கொடுமையை மலையாளத்தில் ‘உருட்டல்’ என்றார்கள். அந்தச் சொல் இன்றும் வழக்கில் உண்டு. மகனைத் தேடி அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் அலைந்த தந்தை டி. வி. ஈச்சர வாரியர், நெருக்கடிநிலை விலகிய கையோடு, 1977 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் வி. காலித்தும் ஏப்ரல் 13 அன்று தந்த தீர்ப்பு, ராஜன் கைதானதையே மறுத்த அரசுத் தரப்பை ஏற்கவில்லை. அந்த மாதமே முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. 2006இல் மறையும்வரை ஈச்சர வாரியர் தம் மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

1979இல் தில்லித் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பக்கத்திலிருந்த இன்னொரு கைதியைப் பணம் கேட்டு வார்டர் வதைத்ததைப் பற்றிய கடிதம் அது. அதுவே மனுவாக ஏற்கப்பட்டது. அந்த அமர்வின் தீர்ப்பை எழுதியவர், அதற்குள் உச்ச நீதிமன்ற நீதிபதியாகியிருந்த கிருஷ்ணய்யர். எல்லாக் கைதிகளின் கைக்கும் எட்டும்படி புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட நீதிபதி, ஆட்சியர் ஆகியோர் பொறுப்பில் திறக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. பெட்டியைத் திறப்பதை வார்டரிடம் விடாதது சிறிய விஷயமாகத் தோன்றலாம்; புகாரே அவர்மீது இருக்கும்போது அதுதான் முக்கியம்.

கைதிகளின் உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி தராமலிருப்பது அரசமைப்புக்கு முரண் என்று கேரள உயர் நீதிமன்றம் 1983இல் கூறியது. மாநில மனித உரிமை ஆணையம் 1998இல் அமைந்தது.

2005 செப்டம்பர் 27 அன்று, திருவனந்தபுரம் நகரின் ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் நண்பரோடு இருந்த உதயகுமார் என்ற இளைஞரைக் கோட்டைக் காவல் நிலையத்தார் அழைத்துச் சென்றனர். கையில் ஏறத்தாழ 4,000 ரூபாய் இருந்ததே சந்தேகத்துக்குக் காரணம் என்றார்கள். நிலையத்தில் அவர் தொடைமேல் இரும்புக் குழாய் உருட்டப்பட்டது என்பது வழக்கு. அன்றே அவர் இறந்தார். விசாரணையில் நண்பர் பிறழ் சாட்சியானார். சிறு வேலை பார்த்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்த தாய் விடவில்லை. உயர் நீதிமன்றம் சென்று சி.பி.ஐ. விசாரணை கேட்டுப் பெற்றார். மற்ற காவலர்கள்மீது சாட்சியத்தை மறைத்த குற்றச்சாட்டும் அதன்பின்தான் வந்தது. நகரின் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2018 ஜூலையில் இரண்டு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தத் தாய் நீதிமன்றப் படி ஏறியிருந்தார். 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் விசாரணைக் குறைபாடுகளைச் சுட்டித் தண்டனையை ரத்துசெய்து குற்றவாளிகளாகக் கருதப்பட்டவர்களை விடுவித்தது.

உதயகுமார் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தலைமைச் செயலக வாசலில் இன்னொரு காத்திருப்பு நடந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் பாறசாலையில், காவலில் இருந்த நெய்யாற்றின்கரை வட்டத்து இளைஞர் ஒருவர் 2014 மே மாதம் இறந்தார். விஷம் அருந்தினார் என்கிறது காவல்துறை; அடித்துக் கொன்றார்கள் என்கிறது குடும்பம். நீதிபதி நாராயணக் குறுப்பு தலைமையிலான காவல்துறைப் புகார் ஆணையம் குடும்பத்தின் பக்கம் நின்றது. ஆனால் ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். இறந்தவரின் அண்ணன் 2015இல் செயலகத்தின் முன் நடைபாதையில் உட்கார்ந்தார். மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடந்தார். 760 நாட்களைக் கடந்தபோது, 2018 ஜனவரியில், முகநூல் வழியாகச் செய்தி பரவி, கட்சிக்கொடி இல்லாத ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்தது. அந்த மாதமே சி.பி.ஐ. வழக்கை ஏற்றது. இறப்பின் காரணம் குறித்த இருதரப்பு வாதமும் அப்படியேதான் இருக்கிறது.

மேற்சொன்ன புகார் ஆணையம் 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டத்தின் கீழ் வருவது. அதன் அதிகாரம் காவல்துறையினரோடு நின்றுவிடுகிறது; சிறைப் பணியாளர் அதன் வரம்பில் இல்லை. காவல் நிலையத்தில் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் 2019 ஜூனில் பீருமேடு கிளைச் சிறையில் இறந்த நெடுங்கண்டம் வழக்கில், இந்த எல்லைக்கோடு எவ்வளவு செயற்கையானது என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் சாத்தான்குளம் காவல் மரண வழக்கும் (2020) காவல் நிலையத்தில் தொடங்கிக் கோவில்பட்டி கிளைச் சிறையைத் தொட்டதுதான்.

பூஜப்புராச் சிறையின் சப்பாத்தி விற்பனை நிலையத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2010களின் தொடக்கத்தில், கைதிகள் சுட்ட சப்பாத்தி ஒன்று இரண்டு ரூபாய்க்கு மதிலோரம் விற்கப்பட்டது; நகரவாசிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அது கண்காணிப்பு ஆகாது. ஆனால், முன்பு கடந்துபோவதோடு சரி என்றிருந்த மதிலருகே, மக்கள் நின்று பேசத் தொடங்கினார்கள்.

காவல் நிலையங்களில் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது.

சுதந்திரமான தேசிய அமைப்பொன்று சிறைகளுக்கு முறையாகச் சென்று பார்ப்பதைக் கட்டாயமாக்கும் ஐ.நா. விருப்ப நெறிமுறை 2002இல் உருவானது. அதன் தாய் உடன்படிக்கையான சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.