பெயரும் எஃகும்: ஜப்பானிய வாள்களின் தர மதிப்பீடு கடந்துவந்த வழி

ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் ஹெஷிகிரி ஹாசெபே என்றொரு வாள் உள்ளது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்றான இதன் அலகு 64.8 சென்டிமீட்டர் நீளம். 14ஆம் நூற்றாண்டில் கியோத்தோக் கொல்லர் ஹாசெபே குனிஷிகே இதை அடித்தபோது இன்னும் நெடியதாக இருந்தது. நெடுவாள்களின் காலம் முடிந்து, இடைக்கச்சையில் செருகும் வாள்களின் காலம் வந்ததும் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கிவிட்டார்கள். அப்படிக் குறுக்கும்போது பிடிக்குள் மறைந்திருக்கும் காம்புப் பகுதி போய்விடும். கொல்லர் தம் பெயரைப் பொறிக்கும் இடமும் அதுவே. ஆகவே இன்று இந்த வாளின் காம்பில் பொன்னால் பதித்திருக்கும் குனிஷிகேயின் பெயர் அவர் கைப்பட இட்டதன்று. ஹொனாமி கோதோகு என்ற மதிப்பீட்டாளர் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அலகைப் பார்த்து வழங்கிய தீர்ப்பு அது.

பழைய ஜப்பானிய வாள்களைச் சேகரிப்போர் இன்றும் இத்தகைய தீர்ப்புகளை நம்பியே பெரும்பணம் கொடுக்கிறார்கள். யார் செய்தது என்ற கேள்விக்குத்தான் அத்தீர்ப்பு விடை சொல்கிறது. எவ்வளவு நன்றாகச் செய்தார், செய்ததில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பவை வேறு கேள்விகள். ஜப்பானிய வாள் மதிப்பீட்டின் வரலாற்றில் இவை திரும்பத் திரும்ப ஒன்றாகக் குழைந்திருக்கின்றன. அவை குழைந்த இடங்களையும் பிரிந்து நின்ற இடங்களையும் காலவரிசையில் காட்ட முயல்கிறேன்.

பட்டியல்களின் தொடக்கம்

பேரரசர் கோ-தோபா 1198இல் அரியணை துறந்த பின் பிசென், பிச்சூ, யாமாஷிரோ நாடுகளின் கொல்லர்களை மாத முறை வைத்து அழைத்து வாள் அடிக்கச் செய்தார் என்று வாள் நூல்கள் சொல்லிவருகின்றன. அவரே தோய்ச்சல் இட்டதாகக் கருதப்படும் வாள்களில் சாமந்திப் பூச் சின்னம் இருக்கும். 1221ஆம் ஆண்டுப் போரில் தோற்று ஓகித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். ஆனாலும் அவர் அழைத்த கொல்லர்களின் பெயர்ப்பட்டியல் தலைமுறைகள் தாண்டி நின்றது. அரண்மனைக்கு அழைக்கப்பட்டதே தரத்துக்குச் சான்றானது.

இன்று கிடைக்கும் வாள் நூல்களில் மிகப் பழையது, கியோத்தோவின் தோஜி கோயிலைச் சேர்ந்த கன்சி-இன் மடத்தில் காக்கப்பட்ட கொல்லர் பெயர்த்தொகுப்பு. 1423இல் படியெடுக்கப்பட்ட இதன் உள்ளடக்கத்தில் 1316ஆம் ஆண்டைச் சுட்டும் குறிப்பு இருப்பதால், மூலம் ஒரு நூற்றாண்டாவது முந்தியது என்று கொள்கிறார்கள். இப்போது தேசிய நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. கொல்லர் பெயர், ஊர், குடிவழி, காம்பின் வடிவம் ஆகியவற்றுக்கே இதில் முதலிடம். மதிப்பீடு என்பது தொடக்கத்திலேயே குடிவழி அறிவாகத்தான் ஏட்டில் ஏறியிருக்கிறது.

மடித்த தாள்

ஹொனாமிக் குடும்பம் ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளர்களான அஷிகாகா ஷோகுன்களிடம் வாள்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தது. துருவேறாமல் துடைப்பது, மெருகிடுவது, மதிப்பிடுவது மூன்றும் ஒரே கையில் இருந்தன. இதை நான் சாதாரணச் செய்தியாகக் கடந்துபோக விரும்பவில்லை. கல்லில் வைத்துத் தேய்ப்பவருக்கே எஃகு எங்கே கெட்டி, எங்கே மென்மை, எங்கே அடுக்கு விரிந்திருக்கிறது என்பது விரல்நுனியில் தெரியும். கோதோகு போன்றவர்களின் சொல்லுக்கு இருந்த எடை ஏட்டறிவால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை.

நாட்டை ஒருங்கிணைத்த ஆட்சியாளர் தோயோதோமி ஹிதெயோஷியின் காலத்தில் இந்த அறிவு அரச நாணயமாக மாறியது. ஹொனாமிகள் வழங்கிய சான்றிதழ், குறுக்கே மடித்த தடித்த தாளில் எழுதப்பட்டதால் ஒரிகாமி என்றே பெயர் பெற்றது. கொல்லர் பெயர், வாளின் நீளம், பெயர்ப்பொறிப்பு உண்டா இல்லையா, இறுதியாக விலைமதிப்பு என்று அதில் இருக்கும். பெயரற்ற வாள்களுக்குக் காம்பிலேயே தீர்ப்பை எழுதும் வழக்கமும் இருந்தது. குறுக்கப்பட்ட வாள் என்றால் பொன் பதிப்பு, குறுக்கப்படாததென்றால் சிவப்பு அரக்கு.

அடுத்து வந்த தோகுகாவா ஷோகுன்களின் ஆட்சியில் பிரபுக்கள் பட்டமேற்கும்போதும் பொறுப்பு விலகும்போதும் ஷோகுனுக்கு வாள் அளிப்பதும், அவரிடமிருந்து பெறுவதும் முறையாயிற்று. பரிசின் கனம் தாளில் எழுதிய பொன் கணக்கால் அளக்கப்பட்டது. போர் இல்லாத நாட்டில் வாள் உறையைவிட்டு வெளிவராமலே கைமாறியது.

ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி ஹொனாமி கோசூ 1719இல் புகழ்பெற்ற வாள்களின் பதிவேட்டைத் தொகுத்தார். அவாதாகுச்சி யோஷிமித்சு, மாசமுனே, கோ யோஷிஹிரோ ஆகிய மூவருக்கும் அதில் முதலிடம். யோஷிஹிரோ பெயர் பொறித்த ஐயமற்ற வாள் ஒன்றுகூட இல்லை. கோவின் வாளையும் பேயையும் கண்டவர் இல்லை என்று ஜப்பானில் ஒரு சொலவடை உண்டு. முழுக்க முழுக்க மதிப்பீட்டாளரின் கண்ணையே ஆதாரமாகக் கொண்ட பெயர் அது.

அந்தப் பதிவேட்டில் தீயில் கெட்ட வாள்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாளின் உயிர் அதன் தோய்ச்சலில் இருக்கிறது. முதுகில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் களிமண் பூசி, காய்ச்சி, நீரில் அமிழ்த்தும்போது விளிம்பு கெட்டிப்பட்டு முதுகு இளக்கமாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையே ஹாமொன் எனப்படும் வெண்கோலம். தீயில் பட்ட வாளில் அது அழிந்துவிடும். 1615இல் ஒசாகாக் கோட்டை வீழ்ந்தபோது எரிந்த புகழ்பெற்ற வாள்கள் சிலவற்றுக்கு எச்சிசென் யாசுத்சுகு மறுதோய்ச்சல் இட்டார். அப்படிப்பட்ட வாளில் வடிவமும் எஃகும் பழையவருடையவை, ஹாமொன் யாசுத்சுகுவுடையது. இன்றைய சேகரிப்பாளர் மறுதோய்ச்சலைப் பெருங்குறையாக எண்ணுவார். பதிவேடோ பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. வரலாற்றுச் சான்று என்ற வகையில் அது சரியான முடிவு. தரத்துக்கான அளவுகோலாக அதை எடுத்துக்கொண்டவர்களே பின்னால் குழப்பத்தை வளர்த்தார்கள்.

கோசூவின் தாள்களுக்குப் பெருமதிப்பு உண்டு. அவருக்குப் பின் வந்தவர்களின் தாள்களில் கண்டிப்புத் தளர்ந்தது என்பது வாள் உலகின் பொதுக்கருத்து. பரிசுக்கு வாள் வேண்டும், வாளுக்குத் தாள் வேண்டும் என்ற நெருக்கடியில் வேறென்ன நடந்திருக்க முடியும்?

வெட்டும் திறனும் போலிகளும்

தாளை நம்பாத இன்னொரு மரபும் தோகுகாவா ஆட்சிக் காலத்தில் இருந்தது. மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களில் வாளைச் சோதிக்கும் பொறுப்பு யாமாதா அசாயெமொன் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. அச்சோதனைகளின் துணையோடு 1797இல் வெளிவந்த கைஹோ கென்ஜாகு என்ற நூல், கொல்லர்களை வெட்டும் திறனால் நான்கு தரமாகப் பிரித்தது. அழகையும் குடிவழியையும் தள்ளிவைத்து, வாள் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்ட துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் சோதிக்கப்பட்டவை தனித்தனி வாள்கள்; தரம் கிடைத்ததோ கொல்லரின் பெயருக்கு. ஒரு கொல்லரின் சில வாள்கள் நன்றாக வெட்டியதால் அவர் அடித்தவை அனைத்தும் முதல்தரம் என்றாகிவிட்டது.

அப்படி முதல்தரம் பெற்றவர்களுள் ஒருவர், கவசம் செய்யும் தொழிலிலிருந்து நடுவயதில் வாள் அடிக்க வந்த நாகாசோனே கோதெத்சு. புகழ் உயர்ந்ததும் போலிகள் பெருகின. ஷோகுனாட்சியின் கடைசிக் காலத்தில் கஜிஹெய் என்று அழைக்கப்பட்ட ஹோசோதா நாவோமித்சு, அவர் பெயரையும் பிறர் பெயர்களையும் கைதேர்ந்த முறையில் பொறித்துக் கொடுத்தார். அவர் பொறித்த போலிப் பெயர்களின் அச்சுப்படிகள் பின்னாளில் நூலாகி, போலிகளைக் கண்டறிய ஆய்வாளர்களுக்கே உதவுகின்றன.

பொய்யே இல்லாத பெயரும் தரத்தைச் சொல்லாமல் போவதுண்டு. 1467இல் தொடங்கிய ஓனின் போருக்குப் பின் நாடெங்கும் சண்டை மூண்டபோது பிசெனின் ஓசாஃபுனே ஊரில் வாள்கள் குவியல் குவியலாக அடிக்கப்பட்டன. அங்கே சுகெசாதா என்ற பெயரைப் பல கொல்லர்கள் தாங்கினர். பெரிய வீரர் ஒருவர் சொல்லிச் செய்வித்த வாளில் நாட்டின் பெயர், வாழும் ஊர், யோசோசாயெமொன் போன்ற தனிப்பெயர் என்று பொறிப்பு நீண்டு செல்லும். காலாட்படைக்கு மொத்தமாக அடித்ததில், பிசெனைக் குறுக்கி, பிஷூ ஓசாஃபுனே சுகெசாதா என்று சுருக்கமாக முடியும். இரண்டும் மெய்யான சுகெசாதாக்கள்தாம். முதலாவதில் எஃகு நெருக்கமாக மடிந்து ஈரப்பசையோடு மின்னும். இரண்டாவதில் அடுக்குகள் தளர்ந்து, சில இடங்களில் வாய் பிளந்திருக்கும். சுருக்கப் பொறிப்பிலும் நல்ல வாள் அபூர்வமாகக் கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுக்கப் பொறிப்பைப் பார்த்துப் பயனில்லை.

மாசமுனே வழக்கு

1876ஆம் ஆண்டு ஆணையால் சாமுராய்கள் வாள் அணிவது தடைப்பட்டது. பரிசுப் பொருளாகவும் ஆயுதமாகவும் இருந்த வாள், சேகரிப்பாளரின் பொருளாயிற்று. கேள்விகளும் துணிவு பெற்றன. அரண்மனை வாள்களோடு தொடர்புடைய வல்லுநர் இமாமுரா சோகா 1896இல் யோமியூரி நாளிதழில் மாசமுனேயின் புகழையே கேள்விக்குள்ளாக்கினார். நம்பத்தக்க பெயர்ப்பொறிப்புள்ள வாள் எங்கே, பரிசளிக்க ஹிதெயோஷிக்குப் பெரிய பெயர் தேவைப்பட்டதால் ஹொனாமிகள் உயர்த்திவிட்ட பெயர்தானே இது என்பது அவர் வாதம். பெரும் சர்ச்சை எழுந்தது. ஹிதெயோஷிக்கு மிக முந்திய கன்சி-இன் படியிலேயே காமாகுரா நகரக் கொல்லர்களிடையே மாசமுனே பெயர் இருப்பதை மறுப்பாளர்கள் காட்டினார்கள். மாசமுனே வாழ்ந்தார் என்பதில் இன்று ஐயமில்லை.

வழக்கில் இமாமுரா தோற்றார் என்றே கொள்ளலாம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. மாசமுனேக்காக வாதாடியவர்கள் ஏட்டை மட்டும் காட்டி நிற்க முடியவில்லை, வாள்களின் எஃகையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஹாமொன் எல்லையில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் பளிச்சென்ற மணிகளை நியே என்பர், பனிபோல் கலங்கித் தெரிவதை நியோய் என்பர். காமாகுரா வாள்களில் நியே திரண்டு மின்னல் கீற்றாக ஓடுவதைப் பிறர் வாள்களோடு ஒப்பிட்டு விளக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் தெளிவு பெற்றது. ஹொனாமி கோசொன் பரப்பிய ஐந்து மரபுகள் என்ற பகுப்பு (யாமாஷிரோ, யாமாதோ, பிசென், சோஷூ, மினோ) இன்று எல்லாக் கையேடுகளிலும் உள்ளது. கற்பவருக்கு அது நல்ல ஏணி. பழங்காலக் கொல்லர்கள் தங்களை அப்படி ஐந்தாகப் பிரித்துக்கொண்டதாக மட்டும் நினைத்துவிடக் கூடாது.

தோல்விக்குப் பின்

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் வாள்கள் ஆயுதங்களாகப் பறிமுதல் செய்யப்பட்டன. தோக்கியோவின் அகாபானே படைக்கிடங்கில் அவை குவிந்தன. ஹொன்மா ஜுன்ஜி, சாதோ கான்சான் போன்ற அறிஞர்கள் ஆக்கிரமிப்புப் படையின் காட்வெல் என்ற கர்னலிடம் வாதாடி, கலைப்பொருளான வாள்களைப் பிரித்தெடுக்க அனுமதி பெற்றார்கள். எதை அழிப்பது, எதைக் காப்பது என்ற முடிவு மதிப்பீட்டாளரின் கண்ணில் தொங்கிய காலம் அது. அகாபானேயிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்கள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது.

சங்கம் பழைய மடித்த தாளுக்குப் பதில் புதிய தாள்களை வழங்கியது. சந்தை வளர, முன்பு நடந்ததே மறுபடி நடந்தது. அவற்றுள் பச்சை நிறத் தாள்களின் மேல் ஐயங்கள் குவிந்து, பழைய வரிசை முழுவதும் கைவிடப்பட்டு, 1982இல் ஹோசொன், தொகுபெத்சு ஹோசொன் என்ற புதிய நிலைகள் வந்தன. இவற்றுக்கு மேலே ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்ற உயர்நிலைகள் உள்ளன. தாளில் கொல்லர் பெயரும் நீளமும் இருக்கும். விளிம்பில் குறுக்குவாட்டில் ஏறும் மயிரிழை விரிசலான ஹாகிரே இருக்கிறதா, பலமுறை மெருகேற்றித் தோலெஃகு தேய்ந்து உள்ளெஃகு எட்டிப் பார்க்கிறதா என்பதை வாங்குபவரே விளக்கொளியில் அலகைச் சாய்த்துத் தேட வேண்டும்.

தேடும் பயிற்சிக்கு ஜப்பானியர் வகுத்த அருமையான முறை ஒன்று உண்டு. காம்பைத் துணியாலோ பிடியாலோ மறைத்து, பெயர் தெரியாமல் வாளைக் கையில் கொடுப்பார்கள். பார்ப்பவர் முதலில் கைநீட்டி நிறுத்தி வளைவை நோக்குவார். வளைவு பிடியருகே ஆழ்ந்து முனை சிறுத்திருந்தால் பழமை, அகன்று முனை நீண்டிருந்தால் 14ஆம் நூற்றாண்டு, வளைவு குறைந்து நிமிர்ந்திருந்தால் 1660களை ஒட்டியது. அடுத்து எஃகின் இழை, அதன்பின் ஹாமொன், கடைசியில் முனைக்குள் அது திரும்பும் விதம். சீட்டில் கொல்லர் பெயரை எழுதித் தருவார். சரியென்றால் அதாரி, நெருங்கிய குடிவழி என்றால் தோசென், விலகிவிட்டால் இயா என்று விடை வரும். பொதுவாக மூன்று வாய்ப்புகள். விடை கொல்லர் பெயராகவே இருந்தாலும் அதற்குப் போகும் வழி முழுவதும் எஃகின் மேல் நடப்பது. தாள்கள் எழுந்தும் விழுந்தும் போன நூற்றாண்டுகளில் கண்ணைக் காப்பாற்றியது இத்தகைய பயிற்சிதான் என்பது என் துணிபு.

போருக்குப் பின் வெளிநாடு சென்ற வாள்கள் பலவற்றுக்குத் தாள் இல்லை; அங்கும் வாளையே பார்த்து அறிய வேண்டியிருந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன், தம்மிடம் வந்த குனிமுனே வாள் ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்திலிருந்து காணாமற்போன தேசியப் பொக்கிஷம் என்று அறிந்து 1963இல் திருப்பி அளித்தார்.

சந்தை இன்றும் பழமைக்கே தலைவணங்குகிறது. காமாகுரா காலத்தது என்று தாள் பெற்ற, பெயரற்ற, தேய்ந்து களைத்த வாள் ஒன்றும், 1670களில் ஒசாகாவின் த்சுதா சுகெஹிரோ தம் பெயர் பொறித்து, சுருண்டு எழும் அலைபோல் ஹாமொன் அமைத்து, அடித்தபோதிருந்த கனம் குறையாமல் நிற்கும் வாள் ஒன்றும் முன்னால் இருந்தால், தரம் தேடும் சேகரிப்பாளர் இரண்டாவதை எடுக்க வேண்டும் என்பேன். முதலாவதில் கொல்லரின் கை எங்கே முடிகிறது, மெருகாளர்களின் கல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். சுகெஹிரோவின் வாளில் அவர் இட்ட தோய்ச்சல் முனைவரை முழுதாக இருக்கிறது.