கிறிஸ்லிக் கரடியும் வேட்டைத் துவக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கருவியைச் செய்தவனைப் பற்றியும் அதனைக் கையாண்டவனைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அக்கருவி எதனை நோக்கிச் செய்யப்பட்டதோ, அதனைப் பற்றிப் பேசுதல் அரிது. வட அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் வாழ்ந்த பெருங்கரடியை வீழ்த்த எத்தகைய துவக்கு வேண்டும், அதன் குழல்விட்டம் எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்னும் வினா இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்துள்ளது. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை முறைப்பட நோக்குவதும், அவ்விடைகள் கருத்திற்கொள்ளத் தவறியது யாது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விலங்கைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கிறிஸ்லி எனப்படுவது பழுப்புக் கரடி இனத்தைச் சேர்ந்தது. உள்நாட்டு மலைப்பகுதிகளில் வாழும் வளர்ந்த ஆண்கரடிகள் 400 முதல் 600 றாத்தல் வரை நிறையுடையன. அலாஸ்காவின் கரையோரத்திலும் கோடியாக் தீவிலும் வாழ்வன 1,000 றாத்தலையும் விஞ்சுவதுண்டு. தடித்த தோல், கொழுப்பு, தோள்மேல் திமிலெனத் திரண்ட தசை, வலிய தோளென்பு ஆகியவற்றைக் கடந்தே எந்தச் சன்னமும் அதன் இதயத்தையோ நுரையீரலையோ அடைதல் கூடும். குறுந்தூரத்தில் மணிக்கு 30 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது அது. ஐம்பது யார் தூரத்தை நான்கு விநாடிக்குள் அது கடந்துவிடும் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

1803 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானாப் பிரதேசத்தை விலைக்கு வாங்கியது. அந்நிலத்தினூடாகப் பசிபிக் சமுத்திரம் வரை செல்லும் வழியை ஆராயுமாறு ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் அனுப்பிய குழுவுக்கு மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவரும் தலைமை தாங்கினர். 1804–05 குளிர்காலத்தை அவர்கள் மிசூரி நதிக்கரையில் மண்டான் மக்களின் ஊர்களுக்கு அருகிற் கழித்தனர். சுதேச மக்கள் அவர்களுக்குக் கரடியைப் பற்றி எச்சரிக்கை செய்தனர். ஆறு, எட்டு, பத்துப் பேராகச் சேர்ந்தன்றி அவர்கள் அதனைத் தாக்குவதில்லை. அவ்வாறு சென்றும் ஓரிருவரை இழந்து மீள்வதுண்டு. புறப்படுமுன் போருக்குச் செல்வோரைப் போன்று உடலில் வர்ணம் பூசிச் சடங்கு இயற்றுவதும் வழக்கம். லூயிஸ் இவற்றைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தாராயினும், அச்சடங்குகளை மூடநம்பிக்கை என்றே கருதினார்.

1805 ஏப்பிரல் 29 ஆம் நாள் லூயிசும் துணைவர் ஒருவரும் முதலாவது கிறிஸ்லியைக் கொன்றனர். அது முழு வளர்ச்சியடையாத ஆண்கரடி. வில்லும் அம்பும் தரங்குறைந்த வணிகத் துவக்குகளும் கொண்ட சுதேசிகள் அஞ்சுவது இயல்பே எனவும், குறிதவறாத றைபிள்காரருக்கு அது அத்துணைப் பயங்கரமானதன்று எனவும் அவர் எழுதினார். அந்நம்பிக்கை ஒரு வாரமேனும் நிலைக்கவில்லை. மே 5 ஆம் நாள் கிளார்க்கும் துரூயாரும் சுட்ட பெருங்கரடியொன்று, நுரையீரலில் ஐந்தும் பிற உறுப்புகளில் ஐந்துமாகப் பத்துச் சன்னங்களைத் தாங்கிய பின்னரும், ஆற்றின் பாதித் தூரத்துக்கு மேல் நீந்தி மணற்றிட்டை அடைந்து, இருபது நிமிடம் கழித்தே உயிர்நீத்தது. மே 14 ஆம் நாள் ஆறு வேட்டைக்காரர் ஒரு கரடியை எதிர்கொண்டனர். நால்வர் ஒரே வேளையிற் சுட்டும் அது பாய்ந்து வந்தது. இருவர் இருபதடி உயரமான கரையிலிருந்து ஆற்றுட் குதிக்க, கரடியும் பின்தொடர்ந்து குதித்தது. கரையில் நின்ற ஒருவர் தலையிற் சுட்டதனாலேயே அவர்கள் தப்பினர். ஜூன் 14 ஆம் நாள் லூயிஸ் உணவுக்காகக் காட்டெருமை ஒன்றைச் சுட்டுவிட்டு, மறுபடி துவக்கை நிரப்ப மறந்து நின்றவேளை, கரடியொன்று அணித்தே வந்துவிட்டது. அவர் கையிலிருந்த ஈட்டியுடன் ஆற்றில் இறங்கி நிற்க, அது திரும்பிச் சென்றது.

இந்நிகழ்ச்சிகள் துவக்கின் குறைபாடுகள் இரண்டினை வெளிப்படுத்துகின்றன. முதலாவது, அவர்களிடமிருந்தவை வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டுச் சுடும் தீக்கற் துவக்குகள். ஒரு வெடி தீர்ந்ததும் மறுபடி நிரப்ப அரை நிமிடமாவது செல்லும். கரடிக்கோ நான்கு விநாடி போதும். இரண்டாவது, சன்னத்தின் வடிவம். குழலின் உட்புறத்தே சுருளாக வெட்டப்பட்ட தவாளிப்புகள் சன்னத்தைச் சுழலச் செய்து குறியைச் செம்மைப்படுத்தின. எனினும் ஈய உருண்டை காற்றில் விரைவாக வேகமிழப்பது. என்பிற் பட்டு நசுங்குவது. ஆழ ஊடுருவும் ஆற்றல் அதற்குக் குறைவு.

உருண்டையைப் பயன்படுத்தும்வரை ஊடுருவலைக் கூட்ட எளிய வழி குழல்விட்டத்தைப் பெருப்பித்தலேயாம். விட்டம் இருமடங்காயின் உருண்டையின் நிறை எண்மடங்காகும். முற்காலத்திற் குழலின் அளவை ஒரு றாத்தல் ஈயத்திலிருந்து வார்க்கப்படும் உருண்டைகளின் எண்ணிக்கையாற் குறித்தனர். எமது நாட்டில் 12 ஆம் இலக்கத் துவக்கு என வழங்குவதும் அம்முறையின் எச்சமே. பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் கம்மியர் உருவாக்கிய நீண்ட றைபிள்கள் கிழக்குக் காடுகளின் மானுக்கும் கருங்கரடிக்கும் ஏற்றவை. ஈயத்தையும் மருந்தையும் சிக்கனப்படுத்தும் பொருட்டுப் பெரும்பாலும் அரை அங்குலத்துக்குட்பட்ட விட்டமுடையவை. றொக்கி மலைக்குத் தோல்வேட்டைக்காகச் சென்றோருக்கு அவை போதவில்லை. 1823 ஆம் ஆண்டிலேயே ஹியூ கிளாஸ், ஜெடிடாயா ஸ்மித் ஆகிய இருவரும் கிறிஸ்லியாற் குதறப்பட்டு அரிதின் உயிர்தப்பினர். சென்ற் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் என்னும் ஹோக்கன் சகோதரர் செய்த குறுகிய, கனத்த றைபிள்கள் இத்தேவையையே நிறைவு செய்தன. அவற்றின் விட்டம் பொதுவாக 0.50 முதல் 0.54 அங்குலம், துவக்கின் நிறை ஏறத்தாழப் பத்து றாத்தல், 0.54 அங்குலக் குழலின் உருண்டை ஏறத்தாழ 220 கிறெயின்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருண்டையின் இடத்தை நீள்சன்னம் பெற்றது. விட்டத்தைப் பெருப்பிக்காமலே நிறையைக் கூட்ட இயன்றமை இதன் சிறப்பாகும். 1873 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவில், 0.45 அங்குல விட்டமும் 405 கிறெயின் நிறையும் கொண்ட சன்னத்தை 70 கிறெயின் கருமருந்து உந்தியது. அதே ஆண்டில் வெளிவந்த வின்செஸ்ரர் துவக்கு பல தோட்டாக்களை உள்ளடக்கி அடுத்தடுத்துச் சுடவல்லதாயினும், அதன் சன்னம் 200 கிறெயின் மட்டுமே. ஒன்றில் ஆழம் உண்டு, விரைவு இல்லை. மற்றதில் விரைவு உண்டு, ஆழம் இல்லை. இவ்விரண்டையும் இணைக்க முயன்றதே 1876 ஆம் ஆண்டின் பெரிய வின்செஸ்ரர். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் றூஸ்வெல்ற் 1884 இல் பிக்ஹோர்ன் மலைகளிற் கிறிஸ்லியைச் சுட்டது அவ்வகைத் துவக்காலேயே.

1884 இல் பிரான்சில் போல் வியேய் கண்ட புகையற்ற மருந்து கணக்கை மீண்டும் மாற்றியது. குழல்விட்டம் சுருங்க, வேகம் பெருகியது. 1906 இல் அமெரிக்க இராணுவத்துக்கென வந்த .30-06 தோட்டாவும், 1912 இல் இலண்டன் ஹோலண்ட் அன்ட் ஹோலண்ட் நிறுவனம் வெளியிட்ட .375 தோட்டாவும் இன்றுவரை கரடி வேட்டையில் நிலைத்துள்ளன. பின்னதன் 300 கிறெயின் சன்னம் விநாடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்திற் செல்வது. எனினும் வேகம் புதிய சிக்கலொன்றைத் தோற்றுவித்தது. அதிவேகத்திற் சென்ற மென்சன்னம் தோள்தசையிற் பட்டதும் சிதறி, உள்ளே செல்லாது நின்றுவிட்டது. 1946 இல் கனடாவில் மூஸ் எனும் பெருமானைச் சுட்டபோது இக்குறையைக் கண்ட ஜோன் நோஸ்லர், நடுவே செப்புக்கலவைத் தடுப்புடைய சன்னமொன்றை ஆக்கினார். முற்பாதி விரிந்தாலும் பிற்பாதி சிதையாது ஊடுருவிச் செல்லும். விட்டம் எவ்வளவு என்பதைவிடச் சன்னம் எத்தகையது என்பதே முதன்மையானது என்னும் உண்மை இதனால் உறுதியாயிற்று.

சுடுபவனின் உடலும் கணக்கிற் கொள்ளத்தக்கது. .375 இன் பின்னுதைப்பு .30-06 இன் உதைப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அவ்வுதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுப்பவனுக்குப் பெரிய துவக்கினாற் பயனில்லை. குறிதவறாது சுடக்கூடிய .30-06 ஒன்றும் தரமான கனச்சன்னமும், கையாள இயலாத பெருந்துவக்கைக் காட்டிலும் மேலானவை என்பதே அலாஸ்கா வழிகாட்டிகளின் அனுபவ முடிபு. காயப்பட்டுப் புதருள் மறைந்த கரடி மிகுந்த வேதனைக்குள்ளாவதுடன், அதனைத் தேடிச் செல்வோருக்கும் பேராபத்தாகும். எனவே தகுதியான துவக்கு என்பது விலங்கின் உடல், சன்னத்தின் இயல்பு, மனிதனின் கை ஆகிய மூன்றும் பொருந்தும் இடமே எனலாம்.

ஆயின் துவக்கு தகுதி பெற்ற அதே காலத்தில் நேர்ந்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா தவிர்ந்த பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ 50,000 கிறிஸ்லிகள் வாழ்ந்தனவென மதிப்பிடப்படுகின்றது. 1975 இல் அவை சட்டப் பாதுகாப்புப் பெற்றபோது எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. இவ்வழிவுக்குத் துவக்கு மட்டுமே காரணமென்பது பொருந்தாது. கால்நடைப் பண்ணைகளின் பெருக்கமும், பொறிகளும், நஞ்சூட்டிய இரையும் பெரும் பங்கு கொண்டன. கலிபோர்னியா மாநிலம் 1911 இல் கிறிஸ்லியின் உருவம் பொறித்த கொடியைத் தனதாக ஏற்றது. அம்மாநிலத்தின் இறுதிக் கிறிஸ்லிகளுள் ஒன்று 1922 இற் சுடப்பட்டது. கொடியிலுள்ள கரடி இன்றும் உளது. காட்டில் அது இல்லை.

மண்டான் ஊர்களில் லூயிஸ் கேட்டறிந்த சடங்கை இவ்விடத்தில் மீண்டும் நினைவுகூர்தல் தகும். எந்த ஆயுதத்தால் கொல்வது என்பதற்கு முன்னர், போகத்தான் வேண்டுமா, எத்தனை பேர் திரும்புவோம் என்னும் வினாக்களை அம்மக்கள் தம்முட் கேட்டுக்கொண்டனர். கரடியைச் சமமான பகைவனாக மதித்ததன் அடையாளமே அச்சடங்கு. லூயிஸ் அதனை ஆயுதக் குறைவின் விளைவாகக் கண்டார். ஆயுதம் நிறைவுற்றதும் அம்மதிப்பும் தேவையற்றதாயிற்று. எதனாற் சுடுவது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் முன்னையதிலும் சிறந்த விடையைக் கண்டது. சுடத்தான் வேண்டுமா என்னும் வினாவைச் சட்டத்தின் வாயிலாகக் கேட்பதற்கோ ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன. முன்னைய வினாவுக்கு விடையளிப்பது கம்மியனின் திறமை. பின்னையதற்கு விடையளிப்பது ஒரு சமுதாயத்தின் பொறுப்பு. இவ்விரண்டையும் வேறுபிரித்து உணர்த்துவதே கிறிஸ்லிக் கரடியின் வரலாறு எமக்குத் தரும் பாடமாகும்.