கார் விட்டு கார் தாவும் போலீஸ்... 'பர்சூட் ஃபோர்ஸ்' கேமை விமர்சகர்கள் பாராட்டிக்கிட்டே திட்டியது ஏன்?

திருநின்றவூரில் காலை நேர மின்சார ரயில் ஏறினால், சீட் கிடைத்தவரும் கம்பியைப் பிடித்து நிற்பவரும் போனில்தான் மூழ்கியிருப்பாங்க. அதில் ஏதாவது ஒரு திரையில் போலீஸ் சேஸிங் கேம் கண்டிப்பா ஓடும். போனில் இதெல்லாம் வருவதற்கு முன்பே, கையடக்க கேம் கருவியில் இந்த வகையைப் பெரிய அளவில் முயற்சி செய்த கேம் ஒன்று இருக்கு. பெயர் 'பர்சூட் ஃபோர்ஸ்'. சோனியின் பிஎஸ்பி கருவிக்காக 2005 நவம்பரில் ஐரோப்பாவிலும், 2006 மார்ச்சில் அமெரிக்காவிலும் வெளியானது.

2023 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் கிளாசிக் கேம் வரிசையில் இது மறுபடியும் வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று பழைய விமர்சனங்களைத் தேடிப் படிப்பவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பாதியில் 'அட்டகாசம்' என்பார்கள், அடுத்த பாதியில் 'பொறுமை போயிடுச்சு' என்பார்கள். இரண்டுமே உண்மைதான். எப்படி என்று பார்க்கலாம்.

கேமில் அப்படி என்ன இருக்கு?

கதை ரொம்ப சிம்பிள். ஒரு கற்பனை மாநிலத்தை 5 கேங்குகள் ஆட்டிப் படைக்குது. அவங்களை அடக்கும் ஸ்பெஷல் போலீஸ் படையில் நீங்கள் ஒரு அதிகாரி. இதுவரைக்கும் புதுசா ஒண்ணும் இல்லை. குற்றவாளியின் காரை விரட்டிப் போய் இடித்து நிறுத்துவதை டைட்டோ நிறுவனத்தின் 'சேஸ் ஹெச்.க்யூ.' 1988-லேயே செய்துவிட்டது.

புதுசு என்னன்னா, தாவல். உங்கள் காரை எதிரியின் கார் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பட்டனை அழுத்தினால், ஹீரோ ஓடும் காரில் இருந்து அந்த கார் மேலே பாய்வார். மேலே தொத்திக்கொண்டே சுட்டு, உள்ளே இருப்பவர்களைக் காலி செய்து, ஸ்டியரிங்கைப் பிடித்துவிடலாம். அதே காரில் விரட்டிப் போய் அடுத்த காருக்கு மறுபடி ஒரு தாவல். பைக், லாரி, படகு எதுவானாலும் இதே கதைதான். நம்ம ஊர் மாஸ் படத்தின் இடைவேளை சண்டைக் காட்சியை நீங்களே ஓட்டுவது மாதிரி.

இதோடு 'ஜஸ்டிஸ் மீட்டர்' என்று ஒன்று. எதிரிகளை வீழ்த்த வீழ்த்த அது ஏறும். பொதுமக்களுக்கு அடிபட்டால் இறங்கும். ஏறிய மீட்டரை வைத்து உடல்நிலையைச் சரிசெய்துகொள்ளலாம், இல்லைன்னா ஸ்லோ மோஷனில் பாய்ந்து சுடலாம். எதற்குச் செலவழிப்பது என்று ஓடும் வேகத்திலேயே முடிவெடுக்கணும். விமர்சகர்கள் மயங்கியது இங்கேதான். சின்ன திரையில் இவ்வளவு வேகம், தெளிவான கிராஃபிக்ஸ், சினிமா பின்னணி இசை என்று பாராட்டு குவிந்தது.

அப்புறம் ஏன் திட்டு?

முக்கியமான காரணம், கஷ்டம். அதுவும் சவாலான கஷ்டம் இல்லை, எரிச்சலான கஷ்டம் என்பதுதான் பலரின் புகார்.

ஒரே மிஷனுக்குள் பல கட்டங்கள் இருக்கும். முதலில் கார் சேஸிங், பிறகு கீழே இறங்கி நடந்து சுடணும், சில இடங்களில் ஹெலிகாப்டரில் இருந்து சுடணும். பெரும்பாலும் பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசிக் கட்டத்தில் தோற்றால் அந்தக் கட்டத்தில் இருந்து தொடர வழி கிடையாது. நடுவில் செக்பாயின்ட் இல்லாததால், மொத்த மிஷனையும் முதலில் இருந்து ஆடணும்.

வீட்டு டிவியில் ஆடும் கேமில் இதைச் சகித்துக்கொள்ளலாம். கையடக்கக் கருவி என்பதே கிடைத்த நேரத்தில் ஆடுவதற்குத்தானே? திருநின்றவூரில் ஆரம்பித்த மிஷன் ஆவடி வருவதற்குள் கைநழுவிப் போனால், அம்பத்தூர் வரைக்கும் அதே சாலை, அதே கார், அதே துரத்தல். பிஎஸ்பியில் ஸ்லீப் வசதி இருந்தது உண்மை. கருவியை அப்படியே தூங்க வைத்துவிட்டு இறங்கிப் போகலாம். ஆனா அது நேரத்தை நிறுத்தி வைக்கும், தோல்வியைத் திருப்பித் தராது.

இரண்டாவது புகார் நடந்து போய் சுடும் பகுதிகள் பற்றியது. பிஎஸ்பியில் கட்டைவிரலுக்கு ஒரே ஒரு அனலாக் குமிழ்தான். நடக்கவும் குறி பார்க்கவும் அது போதாது. கார் மேல் சிங்கமாக இருக்கும் ஹீரோ தரையில் இறங்கியதும் தடுமாறுவார். நான் கேட்டால், இந்தப் பகுதிகளை மொத்தமாகத் தூக்கியிருந்தாலே கேமுக்கு இன்னும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் இல்லாததும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. 2007 இறுதியில் ஐரோப்பாவில் வந்த இரண்டாம் பாகமான 'எக்ஸ்ட்ரீம் ஜஸ்டிஸ்' அந்தக் குறையைத் தீர்த்தது.

அப்போ ஸ்கோரை நம்பலாமா?

ஸ்கோர் ஒரு விஷயத்தைத்தான் சொல்லும். இதே வகையில் இன்னொரு உதாரணம், நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 2009 மார்ச்சில் வந்த 'ஜிடிஏ: சைனாடவுன் வார்ஸ்'. அதில் துரத்தும் போலீஸ் கார்களை மோதி நொறுங்க வைத்தால் வான்டெட் ஸ்டார் குறையும். மெட்டாகிரிட்டிக் சராசரி 100-க்கு 93. அந்தக் கருவியின் மிக உயர்ந்த மதிப்பெண்களில் ஒன்று. ஆனா அமெரிக்காவில் முதல் இரண்டு வாரத்தில் 90,000 பிரதிகள் கூட விற்கவில்லை. விமர்சகர்களின் பாராட்டு கடை கவுன்டர் வரைக்கும் போகலை!

'பர்சூட் ஃபோர்ஸ்' விஷயத்தில் இன்னொரு திருப்பம் இருக்கு. 2005-ல் விமர்சகர்கள் ஆடியதும் இப்போது பிளேஸ்டேஷன் 4, 5-ல் கிடைப்பதும் ஒரே கேம்தான். ஆனா ஆடும் அனுபவம் ஒன்றில்லை. இந்த கிளாசிக் வரிசை கேம்களில் ரீவைண்ட் வசதி இருக்கு. எந்த இடத்திலும் சேவ் செய்துகொள்ளலாம். செக்பாயின்ட் இல்லை என்ற அந்தப் பெரிய புகார் இதோடு பாதிக்கு மேல் அடிபட்டுப் போகுது. பெரிய திரையில் பழைய கிராஃபிக்ஸ் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், அது வேற விஷயம்.

இந்தியாவில் இந்த கிளாசிக் கேம்கள் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் 'டீலக்ஸ்' பிரிவில் வருது. பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஸ்டோரில் கேமின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பழைய பிஎஸ்பியையே தேடி ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்களுக்கு ரீவைண்ட் எல்லாம் கிடையாது. 2005-ன் திட்டுகள் அவங்களுக்கு அப்படியே பொருந்தும்.

மூன்றாம் பாகம் வருமா என்றால், வாய்ப்பு ரொம்பக் குறைவு. இந்த கேமை உருவாக்கிய பிரிட்டனின் பிக்பிக் ஸ்டுடியோஸ் நிறுவனத்தை சோனி 2007-ல் வாங்கியது, 2012 ஜனவரியில் மூடிவிட்டது.