கலோரிக் கணக்கும் வீட்டு அடுக்களையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

வீட்டிற் சமைத்த உணவைக் கலோரியாக எண்ணுதல் இன்று தனிமனிதரின் சொந்த விவகாரமாகக் கருதப்படுகின்றது. எடை குறைக்க விரும்புவோர் ஓர் அகப்பைச் சோற்றையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் அளந்து கூட்டிப் பார்க்கின்றனர். ஆயின், இக்கணக்குத் தோன்றிய சூழலை நாம் நோக்குமிடத்து, அது தொழிலாளியின் கூலி பற்றிய வினாவுடன் பிணைந்தே வளர்ந்தமை தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்களின் வருமானத்திற் பெரும்பங்கு உணவுக்கே செலவாயிற்று. கூலி உயர்வு கோரும் போராட்டங்களும் வலுத்தன. அக்காலத்திலேயே இரசாயனவியலாளர் வில்பர் அற்வாட்டர், மிடில்டவுன் நகரின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், மனிதர் உள்ளே தங்கியிருக்கத்தக்க கலோரிமானியை அமைத்து உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். ஒரு கிராம் புரதத்துக்கும் மாப்பொருளுக்கும் 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி எனும் கணக்கு அவரது ஆய்வின் பேறாகும். இவ்வாய்வு கூடத்துடன் நின்றுவிடவில்லை. 1895, 1896 ஆம் ஆண்டுகளில் அலபாமாவின் கறுப்பின விவசாயக் குடும்பங்களின் உணவு வீடுவீடாக நிறுத்துப் பதியப்பட்டது. சிக்காகோவின் வறிய குடியேறிகளின் குடும்பங்களும் இவ்வாறே ஆராயப்பட்டன. அளக்கப்பட்டது ஏழைகளின் அடுக்களை. அளந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்.

இவ்வறிவை முதலாளி வர்க்கம் எவ்வாறு விளங்கிக்கொண்டது? பருத்தியாலைத் தொழிலுடன் தொடர்புடைய பொஸ்டன் நகர எட்வேர்ட் அற்கின்சன், மலிவான இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பொன்றை உருவாக்கினார். கூலி உயராமலே தொழிலாளர் நன்கு உண்ணலாம் என்பது அவரது வாதம். மலிவாக வாழக் கற்றவனின் கூலியும் மலிவாகும் என்பதைத் தொழிற்சங்கத்தினர் உணர்ந்திருந்தனர். 1890 இல் அந்நகரில் எலன் றிச்சர்ட்ஸ் முதலியோர் திறந்த அறிவியல் அடுக்களையின் உணவையும் குடியேறிய தொழிலாளர் பெரிதும் விரும்பவில்லை. தமக்குப் பழகிய உணவையே அவர்கள் நாடினர்.

இதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. உழைப்புச் சக்தியின் பெறுமதியில் வரலாற்று, ஒழுக்கவியற் கூறொன்று உண்டென மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திற் காட்டினார். மனிதர் எதை உணவென ஏற்பர் என்பதைச் சமூக வரலாறே தீர்மானிக்கின்றது. கலோரி இவ்வரலாற்றைக் களைந்து, உணவை எரிபொருளாக மட்டும் காண்கின்றது.

1918 இல் மருத்துவர் லூலு ஹன்ற் பீற்றர்ஸ் எழுதிய நூலுடன் இவ்வெண் புதியதொரு வர்க்கத்திடம் சென்றது. பாணைத் துண்டாக எண்ணாது கலோரியாக எண்ணுமாறு அவர் பெண்களைத் தூண்டினார். உலகப் போரின்போது உணவைச் சிக்கனப்படுத்துதல் நாட்டுப்பற்றாகவும் போதிக்கப்பட்டது. முன்னர் ஏழையின் அடுக்களையைக் கண்காணித்த எண்ணைக் கொண்டு, இப்போது நடுத்தர வர்க்கப் பெண் தன்னைத் தானே கண்காணிக்கலானாள். இரு கணக்குகளிலும் சமைப்பவளின் உழைப்புக்கு இடமில்லை.

நம் நாட்டிலும் இவ்வெண் அரச கருமத்தில் இடம்பெற்றுள்ளது. 2004 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக் கோட்டை வகுத்தபோது, நாளொன்றுக்கு ஆளொருவருக்கு 2030 கிலோகலோரி என்பதை உணவுத் தேவையின் அடிப்படையாகக் கொண்டது. உணவல்லாத செலவும் அதனுடன் சேர்க்கப்பட்டது. எனினும் விறகு பொறுக்கவும் தேங்காய் துருவவும் பிட்டு அவிக்கவும் பெண்கள் செலவிடும் நேரம் அக்கோட்டில் அடங்கவில்லை. ஒரே பானையிலிருந்து யாருக்கு எவ்வளவு பகிரப்பட்டது, யார் கடைசியாக உண்டார் என்பனவும் ஆள்வீதச் சராசரியில் மறைந்துபோகின்றன.

ஆகவே கலோரியை நாம் நிராகரிக்க வேண்டியதில்லை. பசியை எவரும் மறுக்கவியலாத சான்றாக்கும் ஆற்றல் அதற்குண்டு. கூலிக் கோரிக்கைக்கு அது வலுச்சேர்க்கவும் கூடும். ஆனால், அக்கணக்கைக் கூலி, விலை, வீட்டு உழைப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்து நோக்கும்போது, போதிய கூலியின்மை போதிய சிக்கனமின்மையாகத் திரிக்கப்பட்டுவிடுகின்றது. அத்திரிபை இனங்காட்டுவது சமூக ஆய்வாளரின் கடமையாகும்.