கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க ஒரு மருந்து போதாதபோது, மருத்துவர் இரண்டாவது மருந்தையும் பரிந்துரைக்கலாம். மருத்துவர் அறிந்து சேர்க்கும் மருந்துகள் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானவை. அவர் அறியாமல் சேர்ந்துவிடும் மருந்துகளைக் குறித்தே அதிக எச்சரிக்கை தேவை.

இரண்டு மருந்துகள் ஏன்?

அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. இவற்றின் அளவை இரு மடங்காக்கினால் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு கூடுதலாக ஏறத்தாழ 6 சதவீதமே குறையும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் மருந்தைச் சேர்த்தால் மேலும் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். எனவே, மாரடைப்பு ஏற்பட்டவர்களில் ஸ்டாட்டின் மட்டும் போதாதவர்களுக்கு இவ்விரண்டும் சேர்த்து அளிக்கப்படுகின்றன.

ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு ஸ்டாட்டினுடன் ஃபெனோஃபைப்ரேட் அளிக்கப்படலாம். இதற்குச் சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை அவசியம். அதே வகையைச் சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசில் மருந்தை ஸ்டாட்டினுடன் சேர்ப்பது தவிர்க்கப்பட வேண்டும். அது இரத்தத்தில் ஸ்டாட்டினின் அளவை உயர்த்தித் தசைகளைப் பாதிக்கக்கூடும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்கள்

அரசு மருத்துவமனையில் பெற்ற மாத்திரையும் தனியார் மருந்தகத்தில் வாங்கிய மாத்திரையும் பெயரிலும் நிறத்திலும் வேறுபட்டாலும், உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். இதய நோயாளிகளுக்கான சில கூட்டு மாத்திரைகளில் ஆஸ்பிரினுடன் ஸ்டாட்டினும் அடங்கியுள்ளது. இதனை அறியாமல் தனியாகவும் ஸ்டாட்டின் உட்கொள்பவர்கள் இரட்டை அளவு உட்கொள்ள நேரிடும். வணிகப் பெயரை மட்டும் பாராமல், அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பிற நோய்களுக்கான மருந்துகள்

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளும், படர்தாமரைக்கு அளிக்கப்படும் இட்ராகொனசோல் மாத்திரையும் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்துகின்றன. காய்ச்சலுக்கோ தோல் நோய்க்கோ சிகிச்சை பெறும்போது, கொழுப்பு மாத்திரை உட்கொள்வதை அம்மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும். சில நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தவோ மாற்று மருந்தை அளிக்கவோ அவர் முடிவு செய்வார்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• காரணமின்றித் தொடை, தோள், முதுகுத் தசைகளில் கடும் வலி அல்லது தளர்ச்சி
• பால் கலவாத தேநீரின் நிறத்தில் சிறுநீர் வெளியேறுதல்
• கண்கள் மஞ்சளாதல்

தசைச் சிதைவு அரிதாகவே ஏற்படும். ஆயினும் கவனியாவிடில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். முதியோர், சிறுநீரக நோய் அல்லது தைராய்டு குறைபாடு உள்ளோர், மது அருந்துவோர் ஆகியோருக்கு இவ்வாய்ப்பு அதிகம்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு மருத்துவரிடமும் செல்லும்போது சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட அனைத்து மருந்துகளையும் அட்டையுடன் எடுத்துச் செல்லவும்.
• பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு தாமாக மருந்து வாங்க வேண்டாம்.
• கருவுற்றிருந்தாலோ கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• கொலஸ்ட்ரால் அளவு குறைந்துவிட்டது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அளவு மீண்டும் உயரும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றிற்கான வாய்ப்பும் அதிகரிக்கும்.