அறுவடைக்கும் கவாத்துக்கும் நடுவில்: திண்டுக்கல் திராட்சை பற்றிச் சில குறிப்புகள்

குளிர்நாட்டில் திராட்சை அறுவடை முடிந்த பிறகு நடக்கிற வேலையைப் பெரும்பாலும் வானமே பார்த்துக்கொள்கிறது. இலை மஞ்சளாகி உதிரும். பனி விழும். கொடி மூன்று நான்கு மாதம் தூங்கும். தூக்கம் கலைவதற்குள் விவசாயி கவாத்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிரான்சில் திராட்சைத் தோட்டக்காரர்களின் காவலர் புனித வின்சென்ட். அவர் திருநாள் ஜனவரி 22. கொடி உறங்கிக் கிடக்கும், கவாத்து நடக்கும் நாட்கள் அவை.

இதே கொடியைக் கொண்டுவந்து சிறுமலை அடிவாரத்தில் நட்டால் என்ன ஆகும்? வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, பெருமாள்கோவில்பட்டி பக்கம் ஜனவரி மதியத்திலும் வெயில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். நிலக்கோட்டை, கொடைரோடு பக்கமும் அப்படித்தான். கொடிக்கு இலை உதிர்க்கக் காரணமே கிடையாது. சும்மா விட்டால் நுனி மட்டும் நீண்டுகொண்டே போகும், பந்தல் பச்சைப்பசேலென்று இருக்கும், காய் மட்டும் பேருக்குத்தான் இருக்கும். இங்கே வெட்டினால்தான் கொடி முழிக்கும். குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே கத்தரி செய்கிறது. என் தொழில் பாஷையில் ரீசெட் பட்டன்.

(கவாத்து என்கிற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் போலீஸ், ராணுவ அணிவகுப்புப் பயிற்சி. வரிசையில் நிற்க வைப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான் போல!)

இந்தக் கொடி இங்கே எப்படி வந்தது என்று தேடினால் திரும்பத் திரும்ப ஒரே வரி வருகிறது: 1832, பிரெஞ்சுப் பாதிரியார், சேலம் மதுரை மாவட்டங்கள். அன்றைய மதுரை மாவட்டம் என்பதில் திண்டுக்கல்லும் கம்பம் பள்ளத்தாக்கும் அடக்கம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதனால் பழைய எழுத்தில் "மதுரை திராட்சை" என்று படித்தால் மதுரை டவுனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

யார் அந்தப் பாதிரியார்? மதுரை மிஷன் என்றாலே சேசு சபைதான் என்று நாம் நினைப்போம். ஆனால் சேசு சபையை ரோம் 1773-ல் கலைத்துவிட்டது. பிறகு 1814-ல் மீண்டும் அனுமதி கிடைத்தது. பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1830-களின் கடைசியில். ஆக 1832 என்ற வருடம் சரியானால், அவர் பெரும்பாலும் பாண்டிச்சேரியை மையமாக வைத்து இயங்கிய பாரீஸ் அயல்நாட்டு மறைபரப்பு சபையைச் சேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடுத்த சிக்கல் ரகம். இன்று இந்தப் பக்கம் விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதே 1832 கதைதான் செய்திகளிலும் வந்தது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமே இங்கிலாந்தில் 1850 வாக்கில் உருவானது. பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகைத் தோட்டத்தில் ஸீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்த்தெடுத்தது. பாதிரியார் எதைக் கொண்டுவந்திருந்தாலும் அது பன்னீர் இல்லை. பன்னீர் பிறகு வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் பச்சை திராட்சை என்ற ரகமும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் போக்ரி என்பார்களே, அதுவேதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், பன்னீர் திராட்சை பிறக்கும்போதே செயற்கைப் பருவத்தில் பிறந்தது என்பது. விக்டோரியா காலத்துக் கண்ணாடிக் கூடங்களில் நெருப்பு மூட்டி, குழாயில் வெந்நீர் ஓட்டிக் கோடையை உண்டாக்கினார்கள். நம் ஆட்கள் அதே கொடிக்கு வெட்டவெளியில் கத்தரியால் குளிர்காலத்தை உண்டாக்கினார்கள்.

அதுவும் வருடத்துக்கு ஒன்று இல்லை, இரண்டு. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் கோடை அறுவடை. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்தது. முதல் கவாத்து ஐரோப்பியப் பழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. புனித வின்சென்டும் ஆட்சேபிக்க மாட்டார். இரண்டாவது கவாத்துக்கு அங்கே இடமே இல்லை, அது முழுக்க வெப்பநாட்டுச் சங்கதி. 14-ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத் போன இப்னு பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் வருடத்துக்கு இரண்டு முறை காய்ப்பதாகக் குறித்திருக்கிறார். அவருக்கே அது எழுதிவைக்க வேண்டிய அதிசயமாகத்தான் இருந்திருக்கிறது.

மகாராஷ்டிரத்திலும் இன்று இரண்டு கவாத்து உண்டு, ஆனால் விளைச்சல் ஒன்றுதான். ஏப்ரல் வாக்கில் வெட்டிக் கிளையை மட்டும் வளர்ப்பார்கள். அக்டோபர் வாக்கில் வெட்டிக் காய்க்க விடுவார்கள். அங்கே முக்கியமான தாம்சன் விதையில்லா ரகத்தில் அடி மொட்டுகள் சரியாகக் காய்க்காது, அதனால் கிளையை நீளமாக விட வேண்டியிருக்கிறது. பன்னீருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முற்றிய கிளையில் நாலு மொட்டு விட்டு வெட்டினால் போதும், குலை வரும். மெலிந்த கிளையை ஒன்றிரண்டு மொட்டோடு நறுக்கிவிடுவார்கள், அடுத்த முறைக்குக் கிளையாக வளரட்டும் என்று.

சரி, அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவில் கொடி என்ன செய்கிறது? "ஓய்வு விட்டிருக்கோம் தம்பி" என்பார்கள் தோட்டத்தில். அந்த வார்த்தை கொஞ்சம் ஏமாற்றும். குலை இறங்கியதும்தான் இலைகள் தயாரிக்கிற மாவுச்சத்து முழுசாக வேருக்கும் தண்டுக்கும் போகிறது. அதுவரை பழம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருக்கும். கவாத்து முடிந்து இலையே இல்லாத கட்டை மறுபடி துளிர்க்க இந்தச் சேமிப்பை விட்டால் வேறு வழி கிடையாது. இன்னொன்று, அடுத்த குலையின் கரு ஏற்கெனவே மொட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. கிளை வளர்கிற காலத்தில், இந்தப் பழம் பந்தலில் தொங்கும்போதே, அடுத்த விளைச்சலின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. நெரிசலான பந்தலில் வெளிச்சம் படாத மொட்டு வெறும் இலையாகத்தான் விரியும்.

அதனால் பழம் இறங்கியதும் தோட்டத்தை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் தொடர வேண்டும், கொஞ்சம் உரம் கொடுத்து இலையை நோயில்லாமல் காப்பாற்ற வேண்டும். கவாத்து நெருங்கும்போது தண்ணீரை நிறுத்துவார்கள். வெட்டிய பிறகு தளர்ந்த பட்டையை உரிப்பார்கள், மாவுப்பூச்சி ஒளியும் இடம் அது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துத் தண்டில் பூசுவார்கள். 1880-களில் போர்டோ பக்கம் மில்லார்டே என்பவர் அடிச்சாம்பல் நோய்க்குக் கண்டுபிடித்த கலவையின் பசை வடிவம் இது. வெட்டிய குச்சியை வெளியே அள்ளி, தொழுவுரம் போட்டு மூடி, பிறகு தண்ணீர். சில இடங்களில் மொட்டு ஒரே சீராக உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள்.

இதில் இரண்டு ஓய்வும் சமம் இல்லை. செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் இளந்துளிரை விட்டால் அடிச்சாம்பல் நோய் தின்றுவிடும் என்பதால் மழையே கொடிக்கு நீண்ட விடுப்பு வாங்கிக் கொடுக்கிறது. மே மாத ஓய்வு அப்படி இல்லை. ஏப்ரல் கடைசியில் பழம் இறங்கி, மே கடைசியில் வெட்டினால் கொடிக்குக் கிடைப்பது ஒரு மாதம். அறுவடை பத்து நாள் தள்ளினால் அந்தப் பத்து நாளும் ஓய்விலிருந்துதான் கழியும். கம்பத்தில் இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள், பாராட்டும்படியான சாமர்த்தியம்தான். ஆனால் அந்த ஐந்தாவது அறுவடைக்கான நாட்கள் எல்லாமே ஓய்விலிருந்து எடுத்தவை.

வியாபாரி விலை சொல்கிற நாளைப் பார்த்து, 110, 120 நாள் பின்னால் எண்ணிக் கவாத்துக்கு நாள் குறிக்கிறார்கள். கொடியின் கணக்கு முன்னால் ஓடுகிறது, சந்தைக் கணக்கு பின்னால் எண்ணுகிறது. இரண்டும் மோதுகிற இடம் இந்த ஒரு மாதம்தான். ஆளுக்கொரு நாளில் வெட்டுவதால் ஒரு தோட்டத்தில் குலை தொங்க, வேலிக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் துளிர் விடுகிறது. முதிர்ந்த இலையில் இருக்கிற அடிச்சாம்பல் நோய்க்குப் பக்கத்துத் தோட்டத்துத் துளிர் தயாராகக் காத்திருக்கிறது.