புல்லில் பொதிந்து வந்த கருவி

வானம் பார்க்கக் கிளம்பும்போது எதையாவது மறந்துவிட்டுப் போவது என்னைப் போன்றவர்களுக்கு வழக்கம்தான். போன தடவை சிவப்பு டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டோம். செல்போன் வெளிச்சத்தின் மேல் சிவப்பு பாலிதீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளித்தோம். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது 1769-ல் தாஹிதி தீவில் நடந்த கதை. அங்கே மறதி இல்லை, திருட்டு. ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நிலைமை ஒன்றுதான்!

அந்த வருடம் ஜூன் 3-ந் தேதி சூரியனின் முகத்தை வெள்ளி கடந்து போக இருந்தது. பல இடங்களிலிருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அன்று தவறவிட்டால் அடுத்தது 1874-ல்தான். இதற்காகவே ஜேம்ஸ் குக்கும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் என்டெவர் கப்பலில் ஏப்ரல் மாதமே தாஹிதி போய்ச் சேர்ந்து, கரையில் ஒரு சின்னக் கோட்டையும் கட்டிக்கொண்டார்கள்.

தொலைநோக்கி மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஊசல் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதை, காலையிலும் மாலையிலும் சூரியனின் உயரத்தை அளந்துதான் சரிபார்க்க வேண்டும். அதற்கான கருவிதான் குவாட்ரண்ட். மே 2-ந் தேதி காலையில் பார்த்தால் அதைப் பெட்டியோடு காணோம்! இத்தனைக்கும் சில அடி தூரத்தில் காவலாள் நின்றிருக்கிறார்.

தாவரங்களைச் சேகரிக்க வந்திருந்த ஜோசப் பேங்க்ஸும் கிரீனும், உள்ளூர்த் தலைவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேடிப் போனார்கள். அன்று வெயில் 91 டிகிரி ஃபாரன்ஹீட். கருவி துண்டு துண்டாகத் திரும்பிக் கிடைத்தது. கையில் கிடைத்த புல்லை வைத்துப் பொதிந்து தூக்கி வந்தார்கள். அதைச் சரிசெய்தவர் பேங்க்ஸின் உதவியாளர் ஹெர்மன் ஸ்போரிங். பின்லாந்துக்காரர். முன்பு லண்டனில் கடிகார வேலை பார்த்தவர். படம் வரையவும் குறிப்பெழுதவும் கூட்டி வந்த ஆள், அன்று மெக்கானிக் ஆனார்!

ஜூன் 3 அன்று மேகமே இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறித்த நேரங்களே சில நொடிகள் வேறுபட்டன. வெள்ளியின் விளிம்பு மங்கலாகத் தெரிந்ததுதான் அதற்குக் காரணம், அதில் குவாட்ரண்டின் குற்றம் இல்லை. பல நாட்டுக் கணக்குகளையும் சேர்த்து 1771-ல் தாமஸ் ஹார்ன்ஸ்பி சொன்ன தூரம் சுமார் 9.37 கோடி மைல். இன்றைய அளவு சுமார் 9.3 கோடி.

கிரீனும் ஸ்போரிங்கும் ஊர் திரும்பவில்லை. 1771 ஜனவரியில், படேவியாவை விட்டுப் புறப்பட்ட பிறகு நோயில் கடலிலேயே இறந்துபோனார்கள். பிறகு அரசு வானியலாளர் நெவில் மாஸ்கலின், கிரீனின் அளவுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று குறை சொன்னார். பதில் சொல்ல கிரீன் இல்லை. குக்குக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கருவி தீவுக்காரர்கள் கையில் பிரிந்து, பாகங்கள் உடைந்து, எங்களால் முடிந்த அளவுக்கு ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தியது, இதை யோசிக்காமல் குறை சொல்லலாமா என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.